நேர்ல பாத்தம்மா

இன்னார் உயிரோடு இருக்கிறாரா என்று அந்த அம்மாளிடம் கேட்டால், “நேத்து சாயந்தரம் வரைக்கும் இருந்தாரு சார்” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. முதியோர் உதவித்தொகைப் பட்டியல் கையில் இருக்கும். அதை எப்போது அனுப்புவீர்கள் என்று தாலுகா ஆபீசிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் இப்படி ஒரு பதில் வந்தால் யாருக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். இருக்காரா இல்லையா, இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்று நான் கத்தியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிவிடுவார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, “இருக்காரு. கூழு குடிச்சிக்கினு இருந்தாரு” என்பார். அப்புறம்தான் அந்தப் பெயருக்கு நேராக நான் டிக் அடிக்க முடியும்.

அவர் எங்கள் கிராம உதவியாளர். ஊர் வாயில் பழைய பேர்தான், தலையாரியம்மா. நான் அந்த ஊருக்கு வி.ஏ.ஓ. செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் அது. பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் படித்தால் தெரிந்துகொள்வார்கள், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அம்மாளின் புருஷன் அதே தலையாரி வேலையில் இருந்து செத்துப்போனவர். வாரிசு வேலையாக இவருக்கு வந்தது. நான் பார்த்தபோது நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. நாலைந்து தலைமுறையாகக் கிறிஸ்தவ வேதத்தில் இருக்கிற விவசாயக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் இருந்து நான் பார்த்ததில்லை, அவசர வேலை என்று நான் கூப்பிட்ட ஞாயிறுகளிலும் பூசை முடிந்துதான் வந்தார்.

டீக்கடையில் அவருக்கு வைத்திருந்த பேர் ‘நேர்ல பாத்தம்மா.’ இன்றைக்கு மழை வருமா என்று ஒருவர் கேட்டால், நேர்ல பாத்தம்மாவை மேலே அனுப்பி மேகத்தைப் பார்த்துவரச் சொல் என்பார் இன்னொருவர். அம்மாளும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டுப் போவார். ஆனால் வரப்பில் கல் நகர்ந்துவிட்டது என்று அண்ணன் தம்பி அடித்துக்கொண்டு வந்தால், கேலி செய்த அதே ஆட்கள் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் போய் நின்று பார்த்துவிட்டு, கல் இங்கேதான் இருந்தது என்று காலால் ஒரு கோடு இழுத்தால் அதோடு பேச்சு முடிந்தது. நான் சங்கிலி, புலப்படம் எல்லாம் கொண்டுபோய் அளந்து சொன்னாலும், தலையாரியம்மா இன்னா சொல்லுது என்றுதான் கேட்பார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரியும்.

சேர்ந்த முதல் வருஷமே எனக்குச் சூடு விழுந்தது. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வருஷா வருஷம் எழுதும் பதிவேட்டுக்கு அடங்கல் என்று பெயர். நியாயமாக ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்த்து எழுதவேண்டும். போன வருஷத்து நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுவது எங்கள் உத்தியோகத்தின் வழக்கம். போன வருஷம் நெல் என்றால் இந்த வருஷமும் நெல். நான் எழுதிக்கொண்டே போனதை அம்மாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில், அது மல்லாட்டை சார் என்றார். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். போன வருஷம் நெல்தானே என்று கேட்டேன். போன வருஷம் ஏரியில் தண்ணீர் இருந்தது, இந்த வருஷம் இல்லை என்றார். பிறகு, ரொம்ப மரியாதையாக, ஒன்று சொன்னார்.

“கால் படாத எடத்துக்குக் கையெழுத்து எதுக்கு சார்?”

கோபத்தோடுதான் அவர் பின்னால் போனேன். மூன்று நாள் நடந்தோம். பாதி ஊர் மல்லாட்டை போட்டிருந்தது. அந்தப் பருவத்தில் பெய்யக்கூடாத நேரத்தில் மழை பெய்து, கடலை செடியிலேயே முளைத்துவிட்டது. பதிவேட்டில் மல்லாட்டை என்று இருந்ததால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நிவாரணம் வந்தது. பக்கத்து ஊரில் நெல் என்று எழுதியிருந்ததால் வரவில்லை. செஞ்சியில் நடந்த கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்கவைத்துப் பாராட்டினார்கள். எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். அம்மாள் பேரை அங்கே சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது யோசித்தால், என் குணம் அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அந்த மூன்று நாளில்தான் நான் ஊரையே பார்த்தேன். செஞ்சி மலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மண் கிடையாது, மரம் கிடையாது, உருண்டைப் பாறைகளை லாரியில் கொண்டுவந்து கொட்டினது போல இருக்கும். பெய்கிற மழை ஒரு சொட்டு மேலே தங்காது. பெய்த வேகத்தில் கீழே இறங்கி, ஓடையில் விழுந்து, ஏரிக்குப் போகும். எங்கள் ஊர் ஓடையில் வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் போனால் பெரிது. மற்ற நாளெல்லாம் அதில் ஆடு மேயும், மாட்டுவண்டி போகும், வேலிகாத்தான் முளைத்துக் கிடக்கும். ஓடை என்று யாராவது சொன்னால்தான் ஓடை. இதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதற்கு அம்மாள் சொன்னார், “அந்தப் பத்து நாளுதான் சார் ஊரு. மீதி நாளெல்லாம் அத வச்சிக்கினு குந்தினு இருக்கறோம்.”

ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். செஞ்சிக் கோட்டையின் சரித்திரம் எழுதுகிறாராம், சுற்று வட்டார ஊர்களையும் சேர்க்கப் போகிறாராம். கோட்டையிலிருந்து சிங்கவரம் கோயிலுக்குச் சுரங்கம் இருக்கிறது என்று ஊரில் பத்துப் பேர் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதில் குதிரையே போகும் என்று ஒருவர், உள்ளே போன ஆடு அந்தப் பக்கம் வெளியே வந்தது என்று ஒருவர். பேராசிரியர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அம்மாளிடம் வந்து கேட்டார். நான் அதில் போனதில்லை சார் என்றார் அம்மாள். கேள்விப்பட்டதாவது உண்டா என்றதற்கு, கேள்விப்பட்டதை எதற்குச் சார் எழுதுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். பேராசிரியருக்கு முகம் சுண்டிவிட்டது. நாயக்கர், மராட்டியர், நவாப், பிரெஞ்சுக்காரன் என்று ஆண்டவர்கள் வரிசையை அவர் சொல்ல, அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர்கள் எல்லோரும் இந்த ஏரித் தண்ணியில் விளைந்ததைத்தானே சாப்பிட்டிருப்பார்கள் என்றார். பிறகு அந்த மனிதரை ஓடை தொடங்குகிற பாறையிலிருந்து ஏரி மதகு வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது பேராசிரியர் கையில் செருப்பு இருந்தது, வார் அறுந்துவிட்டது. ஆனால் என்னிடம், உங்கள் ஊரில் சரித்திரம் தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவரை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன்.

ரோட்டோரம் இருந்த மேட்டு நிலத்தை வெளியூர்க்காரர்கள் சிலர் வாங்கி மனை போட்டார்கள். நிலத்தின் ஓரமாக நம் ஓடை போகிறது. அவர்கள் கொடுத்த வரைபடத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது. ஓடையை வெளியே விட்டு, இந்தப் பக்கம்தான் எல்லைக்கல். கல் உண்மையிலேயே அப்படித்தான் நட்டிருக்கிறதா, ஓடைக்கு இடையூறு இல்லையா என்று நேரில் பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டியது என் வேலை. கூடவே பார்த்ததாகக் கிராம உதவியாளரும் கையெழுத்துப் போடவேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதால்தான் இந்த ஏற்பாடே.

அது கத்திரி வெயில் காலம். அந்த வருஷம் ஊரையே சிக்குன்குனியா முடக்கிப் போட்டிருந்தது. அம்மாளுக்கு இரண்டு முட்டியும் வீங்கி, சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் அறிக்கை வேண்டும் என்று ஆபீசில் கேட்டிருந்தார்கள். ஒரு நாள் தள்ளிக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், நான் கேட்கவில்லை. பைக்கில் ரோடு வரைக்கும் போனேன். அங்கிருந்து பார்த்தால் பனைமரங்களுக்கு அப்பால் வெள்ளையடித்த கற்கள் வரிசையாகத் தெரிந்தன. ஓடை அதற்கும் அப்பால்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கி நடந்தால் பத்து நிமிஷம். முள், வெயில். வண்டியைத் திருப்பினேன். இதற்காக நான் யாரிடமும் காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் செய்ததற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

அறிக்கையை எழுதிக்கொண்டு அம்மாள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு மோர் கொடுக்கச் சொல்லி மகளிடம் சொன்னார். காகிதத்தை வாங்கி முழுக்கப் படித்தார். நான் போகலியே சார் என்றார். நான் போய்ப் பார்த்தேனே என்றேன். அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

“கல்லு ஓடைய விட்டுத்தான் நட்டிருக்குதா? நின்னு பாத்தீங்களா சார்?”

“பார்த்தேம்மா.”

“நீங்க நின்னு பாத்திருந்தா நான் பாத்த மாதிரிதான்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவைப் பிடிக்க முடியாமல் விரல்கள் வீங்கியிருந்தன. மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பி, மத்தியானத்துக்குள் செஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கல் ஓடைக்கு அந்தப் பக்கம் நட்டிருந்தது. ஓடை மொத்தமும் மனைக்கு உள்ளே. அம்மாள் எழுந்து நடமாட இரண்டு மாதம் ஆனது, அதற்குள் கிராவல் கொட்டி ஓடைக்குக் குறுக்கே உயரமாக ரோடு போட்டுவிட்டார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். அது பிறகு நகர்த்தி நட்டதாக இருக்கும், எழுதிப் போடுகிறேன் என்றேன். அதையும் நம்பினார். நான் எழுதிப் போடவில்லை. எழுதினால் முதல் அறிக்கையைத் தோண்டுவார்களே. அந்த வருஷம் மழை குறைவு, ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. பாறையிலிருந்து இறங்கின தண்ணீர் வழக்கம்போல ஓடையில் வந்து, மனை ரோட்டில் முட்டி, போக வழியில்லாமல் கிழக்கே திரும்பிக் கீழத்தெருவுக்குள் நுழைந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்களின் தெரு. மூன்று வீட்டுச் சுவர் விழுந்தது. விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை மூட்டைகள் ஊறிப்போயின. உயிர்ச்சேதம் இல்லை, அது கடவுள் புண்ணியம். ஏரிக்கு மட்டும் தண்ணீர் போகவில்லை. அத்தனை மழை பெய்த வருஷத்தில் ஏரி காய்ந்து கிடந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி ரேஷன் கடை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அறிக்கையைச் சத்தமாகப் படித்தார். நேரில் பார்வையிட்டதில் ஓடைக்கு இடையூறு ஏதுமில்லை. கீழே என் கையெழுத்து, அம்மாள் கையெழுத்து. என் பேரைப் படித்தபோது ஒருவரும் அசையவில்லை. வி.ஏ.ஓ. எதிலும் கையெழுத்துப் போடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். அம்மாள் பேரைப் படித்தபோதுதான் கூட்டம் திரும்பிப் பார்த்தது. சுவர் விழுந்த வீட்டுக்காரி ஒருத்தி முன்னால் வந்தாள்.

“நீ நின்னு பாத்தியாம்மா?”

அம்மாள் என்னைப் பார்த்தார். வெறுமனே பார்த்தார், கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. நான் பேசுவதற்கு இடம் விட்டார் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். அவருக்கு நடக்க முடியவில்லை, நான் போய்ப் பார்த்ததாகப் பொய் சொன்னேன். நான் சொல்லவேண்டியிருந்தது இந்த இரண்டே வாக்கியம். நான் ஃபைலுக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

“இல்ல. பாக்காம போட்டுட்டேன்” என்றார் அம்மாள்.

ஏன் என்று கேட்டார்கள். பதில் சொல்லவில்லை. எவ்வளவு கொடுத்தார்கள் என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.  அந்தப் பொம்பளை புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு, உன்னைப் போய் நம்பினோமே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதோடு விட்டிருந்தால் நான் ஒரு கோழை, அவ்வளவுதான். என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நான். உள்ளூர் நிலவரம் அறிந்த கிராம உதவியாளர் அளித்த தகவலின் பேரில் அறிக்கை அளிக்கப்பட்டது என்று எழுதினேன். அந்த வரியை எழுதப் பாதி நாள் யோசித்தேன் என்பதும் உண்மை. எனக்கு எச்சரிக்கையோடு போயிற்று. அம்மாளுக்கு ஊதிய உயர்வை நிறுத்தி, சிங்கவரத்துக்கும் அப்பால் ஒரு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த உத்தரவை அவர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கவேண்டியவன் நான்தான். ஆபீசில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். என் விளக்கத்தின் வரி அந்த உத்தரவில் அப்படியே இருந்தது. அவர் நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தார். அந்த வரி வந்த இடம் எனக்குத் தெரிந்தது, அங்கே கண் கொஞ்ச நேரம் நின்றது. பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு சொன்னார்.

“போன ஞாயித்துக்கெழம பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் சார். பாக்காதத பாத்தேன்னு கையெழுத்துப் போட்டேன்னு சொன்னேன். பத்து அருள்நிறை மந்திரம் அபராதம் குடுத்தாரு சாமியாரு. உங்க பேச்ச எடுக்கல. அடுத்தவங்க பாவத்த அங்க சொல்லக் கூடாது. அவங்கவங்கதான் சொல்லிக்கணும்.”

அவர்கள் கோயிலில் அப்படி ஒரு வழக்கம். தட்டிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்லிவிட்டு எழுந்து வந்து, அவர் அபராதமாகக் கொடுக்கிற ஜெபத்தைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. தேங்காய் உடைத்தால் ஆயிற்று. நான் அம்மாளுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? நகல் ஒன்று உங்களுக்கு, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பிறகு ஊரில் வரப்புச் சண்டை வந்தால் செஞ்சிக்குப் போய் வக்கீல் பார்க்க ஆரம்பித்தார்கள். மனை ரோட்டுக்குக் கீழே இரண்டு சிமெண்டுக் குழாய் புதைத்தார்கள், ஏரி பாதி ரொம்புகிறது. நானும் ஓய்வு பெற்றுச் செஞ்சியிலேயே வீடு கட்டிக்கொண்டேன். கோட்டை பார்க்க இப்போதெல்லாம் கூட்டம் அலைமோதுகிறது, திரும்பின பக்கமெல்லாம் பிளாட் போடுகிறார்கள். அம்மாள் வேலை முடிந்து அவலூர்பேட்டையில் மகளோடு இருக்கிறார் என்று கேள்வி. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம். போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு தடவை ஏறி உட்கார்ந்து டிக்கெட்டும் வாங்கிவிட்டு, வண்டி நகர்வதற்குள் இறங்கிவிட்டேன்.

போன மாதம் காய் வாங்கப் போனபோது, மார்க்கெட்டில் ஒரு பொம்பளை கும்பிட்டாள். சுவர் விழுந்த வீட்டுக்காரி. தலை முழுக்க நரைத்துவிட்டது. நல்லா இருக்கறீங்களா சார் என்று விசாரித்தாள், பேரன் வேலைக்குப் போவதைச் சொன்னாள். பேச்சு ஓடைக்கு வந்தது. வீடு போனது கூட அவளுக்கு மறந்துவிட்டதாம்.

“ஆனா அந்தம்மா ஏன் அப்பிடிப் பண்ணுச்சுன்னு இன்னும் மனசு ஆறல சார். போய்ப் பாக்காம பொழுது விடிஞ்சிதுன்னு கூட சொல்லாதே அது. கூடவே இருந்தவரு நீங்க. ஒங்களுக்காவது தெரியுமா?”

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“தெரியலம்மா” என்றேன்.